ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா? கையில் 50,000 ரூபாய், வாங்கப்போவது ஒன்றுதான்

பாளை_ரிதம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்காரன், வயது 41. பதினான்கு வருடமாகக் கையில் இருப்பது ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிட்டார். ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். அது போக, நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து கல்யாண வரவேற்புகளில் எண்பதுகளின் சினிமாப் பாட்டு வாசிக்கிறோம். எங்கள் கீபோர்டுக்காரர் வலது கையில் வயலின், இடது கையில் பேஸ் என்று ஊரையே வாசித்துவிடுவார். நான் வாசிப்பது எனக்கே கேட்காது. வீடியோவில் பார்த்தால் சும்மா கையை ஆட்டிக்கொண்டு நிற்பவன் மாதிரி இருக்கிறேன்.

சீட்டு விழுந்த பணத்தில் 50,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தாயிற்று. வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் நிபந்தனை உண்டு: ஒன்றுதான், இரண்டு வருடம் கழித்து அடுத்தது என்று வந்து நிற்கக் கூடாது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

சென்னைக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது ஒரு கடையில் மதியம் முழுக்க உட்கார்ந்து இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்களை மாற்றி மாற்றி வாசித்தேன். ஒன்று ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவயரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட். இன்னொன்று கிப்சனின் மலிவு பிராண்டான எபிஃபோனின் லெஸ் பால். கடைப்பையன் பொறுமைசாலி, இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான்.

லெஸ் பாலை மடியில் வைத்து ஒரு ஜி கார்டு போட்டேன். சத்தம் விழாமல் நின்றுகொண்டே இருந்தது. பதினான்கு வருடம் அக்கூஸ்டிக்கில் உழைத்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எழுந்து நின்று வாரைத் தோளில் மாட்டியதும்தான் விஷயம் புரிந்தது. மூன்று வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து இடது காறை எலும்பு உடைந்தது. சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், ஆனால் கனமான பையை மாட்டினால் இன்னும் பிடித்துக்கொள்ளும். ஆராதனையில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும்.

ஸ்ட்ராட் உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாட்டியிருப்பதே தெரியவில்லை. ஆனால் ஆம்ப்பைக் கொஞ்சம் ஏற்றியதும் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். "அது அப்படித்தான் சார், சிங்கிள் காயில்" என்றான் பையன். எங்கள் ஆலயத்தில் அமைதியாக ஜெபிக்கும் நேரத்தில் அந்த 'ஙொய்' கேட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

20 வாட் ஆம்ப் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எதை வாங்கலாம்?

ஹம்பக்கர்தாசன்:

லெஸ் பால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஹம்பக்கர் என்ற பெயரே இரைச்சலை முறிப்பது என்ற பொருளில் வந்ததுதான். கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப்பில், ஸ்ட்ராட்டில் இருப்பதுபோல ஒரே காயில் இல்லாமல், ஒன்றுக்கு இரண்டு காயில். ஒன்றை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் கரண்ட் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து செத்துப்போகும், கம்பியின் சத்தம் மட்டும் கூடி வரும். லெஸ் பாலைச் செய்யும் கிப்சன் கம்பெனியில் இருந்த செத் லவர் என்ற இன்ஜினியர் 1955-லேயே இதற்குக் காப்புரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டார், 1957 முதல் லெஸ் பாலில் இதுதான். எழுபது வருடம் முன்பே தீர்த்த பிரச்சினையை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? தோளுக்கு அகலமான வார் வாங்கிக்கொள்ளுங்கள். லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் மாட்டாத கனமா?

கொடைக்கச்சேரி:

தம்பி, நான் 1986-லிருந்து இருபத்து மூன்று வருடம் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவன். கோயில் கொடை, அசனம், கல்யாணம், கட்சி மேடை எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது தூத்துக்குடியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிட்டாரும் ஆம்ப்பும் ரிப்பேர் பார்க்கிறேன். வாசிப்பவன் கண்ணுக்கு ஒரு கிட்டார் ஒரு மாதிரி தெரியும், கழற்றுபவன் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். நான் கழற்றுபவனாகச் சொல்கிறேன்.

ஸ்ட்ராட்டைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கெட்டுப்போன சாமான் பெஞ்சுக்கு வந்தால் எப்படித் திறப்பது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் புத்தி அப்படியே கிட்டாரில் இறங்கியிருக்கிறது. நெக்கை, அதாவது விரல் வைக்கும் கழுத்துப் பகுதியை, நாலு திருகில் மாட்டிவிட்டார். பிக்கப், குமிழுக்கு அடியில் இருக்கும் பாட், சுவிட்ச் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்கும். இப்போது வருகிற ஸ்ட்ராட்டில் பதினொரு திருகு கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். அவருடைய முந்தைய கிட்டாரான டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்பவர்கள் குறை சொன்னார்கள் என்று 1954-ல் ஸ்ட்ராட் கொண்டுவந்தபோது முதுகுப் பக்கத்தைக் குழித்துச் செதுக்கினார்கள். மாட்டியிருப்பதே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்தக் குழிதான்.

கிப்சன்காரர்கள் வேறு ஜாதி. மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் மாண்டலினும் குவிந்த மேல்பலகை வைத்த கிட்டாரும் செய்துகொண்டிருந்த தச்சுப் பரம்பரை. லெஸ் பால் என்ற வித்வான் நாற்பதுகளில் ஒரு கட்டையில் கம்பி கட்டி எடுத்துக்கொண்டு போனபோது அவர்கள் மதிக்கவில்லை. ஃபெண்டரின் கட்டைக் கிட்டார் விற்க ஆரம்பித்ததும் அவரையே கூப்பிட்டு, 1952-ல் அவர் பெயரிலேயே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரேடியோக்காரன் செய்வதுபோல நாமும் செய்துவிடக் கூடாது என்ற வீம்பு அதில் தெரியும். மஹோகனி உடம்பு, மேலே வயலின் மாதிரி குவித்துச் செதுக்கிய மேப்பிள், நெக்கைத் திருகாமல் பசை வைத்து இணைத்த வேலை. அழகு என்றால் அழகு. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடலாம்.

ஆனால் அந்த அழகு டெம்போவில் ஏறும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 1994 ஆடி மாதம். என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லெஸ் பால் மாதிரிக் கிட்டார், ஜப்பான் சரக்கு, செர்ரி நிறம். கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கொடைக்குப் போகிற வழியில் டிரைவர் ஆட்டுக்காகப் பிரேக் போட்டார். டிரம் செட்டின் மேல் சாய்த்து வைத்திருந்த கிட்டார் மல்லாக்க விழுந்தது, ஒரு முழம்கூட இருக்காது உயரம். மேடையில் உறையைத் திறந்தால் தலை தனியே கம்பியில் தொங்குகிறது, கோழி கழுத்து மாதிரி. ஆடு பிழைத்துக்கொண்டது.

ஏன் அப்படி? கிப்சன் வடிவில் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும், பழைய கணக்கில் 17 டிகிரி. மல்லாக்க விழுந்தால் முதலில் தரையில் படுவது அந்த நுனிதான். போதாததற்கு கம்பிகள் தலைக்குப் போகுமிடத்தில் இருக்கும் நட்டுக்குப் பின்னாலேயே, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடுக்காகக் குடைந்திருப்பார்கள், இருப்பதிலேயே மெலிந்த இடம் அது. ஃபெண்டரின் தலை நெக்கோடு ஒரே மட்டத்தில் நேராக இருக்கும். ஒரே பலகையில் வெட்டிவிடலாம், மரமும் மிச்சம், விழுந்தாலும் பெரும்பாலும் பெயிண்ட்தான் போகும். என் கிட்டாரைத் தெருவிலிருந்த தச்சர் மரப்பசை போட்டுக் கயிறு கட்டி ஒட்டிக் கொடுத்தார். அடுத்த சித்திரை வெயிலில் மறுபடி வாயைத் திறந்தது. ஒழுங்காக ஒட்டினால் பழைய மரத்தைவிட உறுதியாக நிற்கும், அதை நானே இப்போது செய்கிறேன். ஆனால் உங்கள் ஊரில் செய்யத் தெரிந்தவர் யார் இருக்கிறார் என்று முதலில் கேட்டு வையுங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் உங்களுக்கு முக்கியம். கடையில் லெஸ் பால் சத்தம் எழுந்து நின்றது என்கிறீர்கள். நிற்கும். அங்கே கீபோர்டுக்காரர் இல்லையே! ஹம்பக்கரின் கனமெல்லாம் நடு ஸ்தாயியிலும் அதற்குக் கீழும் இருக்கிறது. உங்கள் கீபோர்டுக்காரர் வயலினும் பேஸும் வைத்து அடைத்துக்கொண்டிருப்பதும் அதே இடத்தைத்தான். ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து தள்ளிக்கொள்கிற கதை. நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், அவரும் ஏற்றுவார், மைக் செட்காரர் இரண்டு பேரையும் இறக்குவார். ஸ்ட்ராட்டின் மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற சத்தம் தனியாகக் கேட்டால் ஏழைச் சத்தம். கூட்டத்தில் அது மேலே மிதக்கும். எண்பதுகளின் பாட்டுகளில் கண்ணாடி மணி மாதிரி உதிர்கிற கார்டுகளுக்கும் அந்தத் தெளிவுதான் வேண்டும். குழுவில் கேட்காமல் இருப்பதுதானே உங்கள் பிரச்சினை? அப்படியானால் தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இனி அந்த 'ஙொய்'. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆம்ப்பில் வருகிற இரைச்சலில் அதன் இரட்டிப்பான 100-ம் பலமாக இருக்கும். கனத்த ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருகிற ஜி, 98. ஆக நம் மின்வாரியம் ஜி-க்குக் கொஞ்சம் மேலே, சுதி சேராமல், இருபத்து நான்கு மணி நேரமும் பாடிக்கொண்டிருக்கிறது. இதில் பாதி கிட்டாரின் குற்றமே இல்லை. வழுக்கிக்கொண்டு திரும்புகிற மின்விசிறி ரெகுலேட்டர் இருக்கிறதா பாருங்கள். டக் டக் என்று படியாகத் திரும்புகிற வகை பெரும்பாலும் தொல்லை தராது. வழுக்கும் வகை கரண்டை நறுக்கி நறுக்கி அனுப்பும், அது சிங்கிள் காயிலில் வண்டாகக் கேட்கும். சோக் வைத்த பழைய டியூப் லைட்டும் அப்படியே. ஆம்ப்பைப் பார்த்து நேராக நிற்காமல் உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வாசித்தவன் நான்.

இப்போதைய ஸ்ட்ராட் பலவற்றில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்சை இரண்டிலோ நான்கிலோ வைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஹம்பக்கர் வேலையே செய்யும், இரைச்சல் போய்விடும். ஆரம்பத்தில் கம்பெனி வைத்தது மூன்று நிலை சுவிட்ச்தான். ஆட்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் முட்டுக் கொடுத்து நிறுத்தி அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். 1977-ல்தான் கம்பெனி ஐந்து நிலையாக்கியது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர் வாசிக்கும் அந்த மூக்கடைத்த இனிப்புச் சத்தம் இந்த இடைநிலைதான். ஜெப நேரத்துக்கு இருக்கவே இருக்கிறது வால்யூம் குமிழ், சுண்டு விரலுக்குப் பக்கத்திலேயே. பூஜ்யத்தில் வையுங்கள்.

செப்புத் தாள் ஒட்டினால் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். டியூப் லைட் கரகரப்பு குறையும், டிரான்ஸ்பார்மர் ஹம் குறையாது. காந்தப் புலம் செப்புத் தாளை மதிக்காது.

முழு 50,000-ஐயும் கிட்டாரில் போடாதீர்கள். ஐயாயிரமாவது ஒதுக்குங்கள். நல்ல கேபிள், இரண்டு செட் கம்பி, ஒரு தடவை செட்டப், அதாவது கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் பார்த்துச் சரிசெய்வது. செட்டப் பார்க்காத விலை உயர்ந்த கிட்டாரைவிட செட்டப் பார்த்த மலிவுக் கிட்டார் மேல்.

பாளை_ரிதம்:

அண்ணாச்சி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கோழி கழுத்தை வாசித்ததும் என் மனைவி லெஸ் பாலுக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டார். எங்கள் சாமான்களும் ஆம்னி வேனில்தான் போகின்றன.

நேற்று ஒரு சோதனை செய்தேன். எங்கள் தெருவில் ஒரு கல்லூரிப் பையனிடம் ஸ்ட்ராட் மாதிரி ஒன்று இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு ஆராதனை இல்லாத நேரத்தில் ஆலயத்துக்குப் போய் ஆம்ப்பில் செருகினேன். கடையில் கேட்டது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது, அப்படி ஓர் இரைச்சல். ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கச் சொன்னேன். டியூப் லைட்டை அணைத்ததும் கொஞ்சம் குறைந்தது. பிரசங்க பீடத்துக்கு மேலே இருக்கும் மின்விசிறியை அணைத்ததும் வண்டு செத்துவிட்டது. வழுக்கும் ரெகுலேட்டரேதான்! பாதிரியாருக்குக் காற்று பத்தவில்லை என்று போன வருடம் நன்கொடையாக மாட்டியது. நன்கொடை கொடுத்தவர் வேறு யாருமில்லை, என் மாமனார்.

இன்னொன்றும் தெரிந்தது. கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாயை வைத்தால் உதட்டில் சுள்ளென்று அடிக்கிறது. இது கிட்டார் பிரச்சினையா?

கொடைக்கச்சேரி:

தம்பி, முதலில் மைக்கிலிருந்து வாயை எடுங்கள். அது கிட்டார் பிரச்சினை இல்லை, எர்த் பிரச்சினை. ஆம்ப் செருகுகிற பிளக்கிலோ மிக்சர் செருகுகிற பிளக்கிலோ மூன்றாவது துளைக்கு ஒயரே போயிருக்காது, துளை மட்டும் அலங்காரமாக இருக்கும். எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கும் வரை யாரும் கிட்டாரோடு மைக்கில் பாட வேண்டாம். சரி செய்த பிறகு ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே பலகையிலிருந்து எடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டது என்று மூன்றாவது பின்னை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேடைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். லெஸ் பால் வாங்கினாலும் இந்தச் 'சுள்' இருந்திருக்கும், இரைச்சல் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்.

வீணையிலிருந்து_வந்தவள்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எட்டு வருடம் வீணை, பிறகு கிட்டார். என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. இங்கே யாரும் கம்பியை இழுப்பதைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்ட்ராட்டில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமன் கம்பியை ஒரே சுதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் லெஸ் பாலில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் குறையும். காகிதத்தில் சின்னக் கணக்கு. ஒரு மணி நேரம் தோடி வாசித்தால் விரல் நுனி அந்த ஆறு சதவீதத்தை எண்ணி எண்ணிச் சொல்லும்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஸ்ட்ராட்டில் கம்பிகள் உடம்பில் உட்காரும் பிரிட்ஜோடு சேர்ந்த, சுதியை ஆட்டும் கைப்பிடி. பிரிட்ஜ் மரத்தில் உட்காராமல் ஸ்பிரிங்கில் மிதக்கும்படி வைத்திருந்தால், ஒரு கம்பியை இழுக்கும்போது பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற ஐந்து கம்பியும் சுதி இறங்கும். நான் ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கிவிடுவேன். அப்போது ஆறும் ஐந்தும் ச, ப ஆகிவிடும், அவற்றை மீட்டிக்கொண்டே மேல் கம்பிகளில் வாசிப்பேன். காந்தாரத்தை இழுக்கும் நேரத்தில் கீழே ஷட்ஜம் வழுக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? தம்பூரா போடுகிறவர் தூங்கி விழுந்த மாதிரி இருக்கும். அந்தக் கைப்பிடியை ஆட்டிக் கமகம் கொடுக்கலாம் என்று நினைத்துத்தான் ஸ்ட்ராட் வாங்கினேன். எனக்கு வரவில்லை. அது எல்லாக் கம்பியையும் சேர்த்து ஆட்டுகிறது. கமகம் ஒரு ஸ்வரத்துக்கு உரியது. அதற்குக் கம்பெனி வைத்த பெயரும் தப்பு. ட்ரெமலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது, இது சுதியை ஆட்டுவது, வைப்ரேட்டோ.

இப்போது என் ஸ்ட்ராட்டின் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் இருக்கும் குழியில் ஒரு மரத்துண்டை இறுக்கமாகச் செருகி பிரிட்ஜை அசையவிடாமல் செய்துவிட்டேன். பிரபல கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும் தன் ஸ்ட்ராட்டில் மரம் செருகித்தான் வைத்திருப்பார் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அதையும் எடுத்து வாசிக்கிறேன். ஆனால் கச்சேரிக்கு லெஸ் பால்தான். உட்கார்ந்து வாசிப்பவளுக்குக் கனம் பிரச்சினையே இல்லை. பதினாறாவது ஃப்ரெட்டுக்கு மேல் கை போவதற்குத்தான் சிரமம், நெக் உடம்போடு சேருமிடம் தடித்திருக்கிறது. தார ஸ்தாயியில் அதிகம் சஞ்சாரம் செய்யாதவர்களுக்கு அது பெரிய குறை இல்லை.

நீங்கள் வாசிப்பது சினிமாப் பாட்டும் கீர்த்தனையும் என்றால் ஸ்ட்ராட் போதும். மரத்துண்டை மட்டும் மறக்காதீர்கள்.

ஹம்பக்கர்தாசன்:

சரி, காறை எலும்பையும் டெம்போவையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு சமரசம் சொல்கிறேன். ஸ்ட்ராட் உடம்பிலேயே பிரிட்ஜ் பக்கம் மட்டும் ஹம்பக்கர் வைத்தது வருகிறது, எச்.எஸ்.எஸ் என்று கேளுங்கள். இரண்டு கல்யாணத்துக்கும் ஒரே மாப்பிள்ளை.

ஒரேபிக்கப்போதும்:

ஸ்ட்ராட்டா லெஸ் பாலா என்று கேட்டால் டெலிகாஸ்டர் என்று சொல்ல ஒருத்தனாவது வேண்டாமா? 1950-ல் பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். கிரெட்ஷ் கம்பெனி அதே பெயரில் டிரம் விற்றுக்கொண்டிருந்ததால், 1951-ல் டெலிகாஸ்டர் ஆனது. அன்றிலிருந்து பெரிதாக எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. இரண்டு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், மிதக்கும் பிரிட்ஜ் கிடையாது, மரத்துண்டும் தேவையில்லை. உங்களுக்கு வேண்டிய கண்ணாடி மணி இதிலும் உண்டு.

கொடைக்கச்சேரி:

டெலி நல்ல கிட்டார்தான், மறுக்கவில்லை. முதுகில் குழி இல்லாத அசல் வடிவமாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் விலா எலும்பு பேசும். காறை எலும்புக்காக ஒன்றை ஒதுக்கிவிட்டு விலாவுக்கு இன்னொன்றை வாங்குவானேன்.

எச்.எஸ்.எஸ் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரே சுவிட்சில் ஒரு நிலை மட்டும் சத்தம் தூக்கி அடிக்கும், பாட்டுக்கு நடுவில் மாற்றினால் மைக் செட்காரர் திட்டுவார். பிக்கப் உயரத்தைத் திருகி ஓரளவு சரிக்கட்டலாம். ஆனால் இந்தத் தம்பி வாசிக்கப் போவது கீர்த்தனையும் சினிமாப் பாட்டும். கனத்த டிஸ்டார்ஷன் இவருக்கு எதற்கு?

பாளை_ரிதம்:

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆலயத்தில் எர்த் சரி செய்யவே மூன்று வாரம் ஆகிவிட்டது. சுவருக்குள் ஒயர் பாதி தூரம் வந்து நின்றுபோயிருந்ததாம். மாமனாரின் ரெகுலேட்டரை டக் டக் வகையாக மாற்றியாயிற்று. அதை அவரிடம் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

ஸ்ட்ராட் வாங்கினேன். மூன்றும் சிங்கிள் காயில், ஐந்து நிலை சுவிட்ச். சென்னைக் கடைக்குப் போன் செய்து அனுப்பச் சொன்னேன், அதே பையன்தான் பேசினான். பார்சலைப் பிரித்ததும் முதல் வேலையாக, வீட்டில் பழைய அரிவாள்மனைக் கட்டையிலிருந்து ஒரு துண்டு அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துப் பின்குழியில் செருகினேன். வீணை அக்காவுக்கு நன்றி. இரண்டு நாள் சுதி அசையவில்லை.

தூத்துக்குடிக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய் அண்ணாச்சி திண்ணையில் செட்டப் பார்த்தோம். காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மக்ரூன் டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். தூத்துக்குடிக்காரருக்கே மக்ரூன் வாங்கிக் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போன ஞாயிறு முதல் தடவையாக வாசித்தேன். சுவிட்ச் நாலில். ஆரம்பப் பாட்டு ஜி-யில். இரண்டாவது சரணத்தில் கீபோர்டுக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்து வந்து, "இவ்வளவு நாளும் நீங்கள் இ மைனர் போட வேண்டிய இடத்தில் இ மேஜர் போட்டுக்கொண்டிருந்தீர்களா?" என்று கேட்டார்.

ஜெப நேரத்தில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தேன். திரும்ப ஏற்ற மறந்துவிட்டு அடுத்த பாட்டு முழுக்கக் கையை மட்டும் ஆட்டினேன். வீடியோவில் இருக்கிறது.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் மட்டும் காலையில் லேசாக இரைகிறது, மதியம் ஆனால் சரியாகிவிடுகிறது. ரூம் ஏசியில் வைப்பதாலா?

கொடைக்கச்சேரி:

ராத்திரி ஏசி, பகலில் ஏசி இல்லை என்றால் மரம் ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணம் பார்க்கிறது, நெக் நேராகி நேராகி வளைகிறது. டிரஸ் ராடைத் தொடாதீர்கள். உறையில் போட்டு ஏசி இல்லாத அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்துவிட்டுச் சொல்லுங்கள். மக்ரூன் கொஞ்சம் நமுத்திருந்தது.